வெங்காய விலைப் படம் முகநூலிலை போடுறனான். என்ர படத்தாலை குஞ்சியப்புவுக்கு நட்டம் வந்திட்டுது. எப்பிடித் திருத்துறது?

உரும்பிராய்ப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

நான் ஒரு கடையிலை கணக்கு எழுதுறன். வீட்டிலை அப்பாவும் குஞ்சியப்புவும் வெங்காயத் தோட்டம். எங்கட பக்கத்துத் தோட்டக்காரருக்காகப் போன வருசம் ஒரு முகநூல் பக்கம் தொடங்கினன். காலமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போற அப்பா அங்கை நிண்டு போன் எடுத்து மொத்த விலை சொல்லுவார். வெங்காயம், கத்தரி, பச்சை மிளகாய், பூசணி எல்லாம் கொப்பியிலை எழுதி வைச்சு, ஞாயிற்றுக்கிழமை ஒரு படமாக்கிப் போடுவன். ஆக்கள் அதை வட்ஸ்அப் குழுக்களிலை பகிருவினம்.

தொடக்கத்திலை எழுத்திலை மட்டும்தான் போட்டனான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. பிறகு எக்செல்லிலை சலாகை வரைபு கீறி நிறமும் குடுத்தன். அதுக்குப் பிறகுதான் சனம் பாக்கத் தொடங்கினது. அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி எண்டு தெரியாத ஆக்களும் "நன்றி பிள்ளை" எண்டு எழுதிச்சினம். எனக்கு அது பெரிய சந்தோசம்.

பிரச்சினை இதுதான். ஒரு கிழமை வெங்காயம் கிலோ 260, அடுத்த கிழமை 240. ரெண்டு சலாகை போட்டன். எக்செல் தன்ர பாட்டிலை நிலைக்குத்து அச்சை 230இலை தொடக்கியிருந்திருக்கு. நான் கவனிக்கேல்லை. படத்திலை இந்தக் கிழமைச் சலாகை போன கிழமையின்ரையிலை மூண்டிலை ஒரு பங்கு உயரம்தான். மேலை சிவப்பு எழுத்திலை "வெங்காய விலை வீழ்ச்சி" எண்டு வேறை எழுதியிருந்தன்.

திங்கள் காலமை குஞ்சியப்பு வீட்டுக்கு யாவாரி ஒருத்தர் வந்து தன்ர போனிலை அந்தப் படத்தைக் காட்டினவராம். "உங்கட பெறாமகள் போட்டதுதான், பாருங்கோ. விழுந்திட்டுது, இன்னும் விழும்." குஞ்சியப்பு கண்ணாடி இல்லாமல் இலக்கம் வாசிக்க மாட்டார். சலாகை ரெண்டையும் பாத்திருக்கிறார். எட்டு அந்தரை (ஒரு அந்தர் 50 கிலோ) கிலோ 190க்குக் குடுத்திட்டார். அண்டைக்குச் சந்தையிலை 240தான் போனது. வாசலிலை வந்து ஏத்திறவர் வழமையா 15 ரூபா குறைச்சுத்தான் எடுப்பார், அது ஞாயம். 225 கிடைச்சிருக்க வேணும். 400 கிலோவுக்கு 14,000 ரூபா போட்டுது.

குஞ்சியப்பு என்னை ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதை நினைக்கத்தான் நித்திரை வருகுதில்லை.

இனி வரைபே போடாமல் விடுறதோ? இல்லையெண்டா எப்பிடிப் போட்டா, கண்ணாடி இல்லாத ஒருத்தர் சின்னப் போனிலை பாத்தாலும் பிழையா விளங்காது? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

அளவெட்டியான்:

சலாகை போட்டா அச்சு எப்பவும் பூச்சியத்திலை தொடங்க வேணும். எக்செல்லிலை அந்த அச்சை ரெண்டு தரம் தட்டினா ஒரு பெட்டி திறக்கும். ஆகக் குறைஞ்ச பெறுமதி எண்ட இடத்திலை நீங்களே 0 எண்டு அடியுங்கோ. இலக்கங்களுக்கு இடையிலை வித்தியாசம் சின்னனா இருந்தா எக்செல் தானாவே அடியை வெட்டிப்போடும். உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை, நானும் வேலையிடத்திலை ஒருக்கால் இப்பிடி மாட்டுப்பட்டனான்.

அச்சுக்கூடத்தான்:

தங்கச்சி, உங்கட எழுத்தை ரெண்டு தரம் வாசிச்சன். முதல் விசயம், நிப்பாட்டாதேங்கோ. தம்புள்ளை மொத்தச் சந்தையிலை என்ன விலை போகுதெண்டு யாவாரிக்கு விடியமுதலே போனிலை வந்திடும். தோட்டத்திலை நிக்கிற மனிசனுக்குத்தான் ஒண்டும் வாறேல்லை. அந்த மனிசன்ர கையிலை ஒரு இலக்கத்தைக் குடுக்கிற வேலையை நீங்கள் செய்யிறியள். அதை விடக்கூடாது.

நான் 30 வருசம் யாழ்ப்பாணத்திலை அச்சுக்கூடங்களிலை நிண்டவன். கரண்ட் இல்லாத காலத்திலை ஈய எழுத்துக் கோத்த கைதான் இது. இப்ப நாலைஞ்சு சங்கங்களுக்கு முகநூல் படம் செய்து குடுக்கிறன். பத்திரிகையிலை ஒரு வரைபு போட்டா அதுக்குப் பக்கத்திலை கட்டுரை இருக்கும். வாசிக்கிறவர் கதிரையிலை இருந்து ஆறுதலா வாசிப்பார், விளங்காட்டித் திரும்பவும் பாப்பார். முகநூலிலை அது நடக்காது. விரல் தள்ளிக்கொண்டு போகேக்கை ஒரு கணம் கண்ணிலை படும், அவ்வளவுதான். நீங்கள் படத்துக்கு மேலை எழுதிற விளக்கம் வட்ஸ்அப்புக்குப் போகேக்கை கழண்டு விழுந்திடும். திகதியும் உங்கட பெயரும் அதோடை போயிடும். மூண்டு மாசம் கழிச்சும் அந்தப் படம் மட்டும் தனியச் சுத்திக்கொண்டிருக்கும். குஞ்சியப்புவின்ர வாசலுக்குப் போனதும் அப்பிடித் தனியப் போன படம்தான். அங்கை நீங்கள் நிக்கேல்லை, யாவாரிதான் நிண்டு விளக்கம் சொன்னவர். அதாலை, நீங்கள் பக்கத்திலை நிண்டு சொல்ல வேண்டிய எல்லாத்தையும் படத்துக்குள்ளையே வைக்க வேணும்: எந்தச் சந்தை, மொத்த விலையோ சில்லறை விலையோ, கிலோவுக்கோ அந்தருக்கோ, எந்தத் திகதி, ஆர் எடுத்தது. திகதியை மூலையிலை சின்னனாப் போடாதேங்கோ. மூலையை வெட்டிப்போட்டும் பகிருவினம். தலைப்புக்குப் பக்கத்திலையே போடுங்கோ.

பூச்சியத்தைப் பற்றி அளவெட்டியான் சொன்னது சலாகைக்குச் சரி. சலாகை நீளத்தாலைதான் கதைக்கும். அடியிலை 230ஐ வெட்டினா 260க்கு 30 நீளமும் 240க்கு 10 நீளமும்தான் மிஞ்சும். விலை உண்மையிலை குறைஞ்சது நூற்றுக்கு எட்டுக்கும் கொஞ்சம் கீழை. கண் கண்டது மூண்டிலை ரெண்டு பங்கு போனமாதிரி. குஞ்சியப்பு பிழையாப் பாக்கேல்லை தங்கச்சி, படம் என்ன சொன்னதோ அதைத்தான் பாத்திருக்கிறார்.

ஆனா கோட்டு வரைபுக்கு இது சட்டமில்லை. கோட்டிலை நாங்கள் பாக்கிறது ஏற்ற இறக்கத்தை. ஆஸ்பத்திரியிலை கட்டிலிலை தொங்கிற காய்ச்சல் அட்டையை யோசியுங்கோ. அதைப் பூச்சியத்திலை தொடக்கினா 98.4உம் 103உம் ஒரே கோடு மாதிரித்தான் தெரியும், டொக்டருக்கு உதவாது.

உங்கட விலைக்குச் சலாகையை விடக் கோடுதான் பொருத்தம் எண்டு நான் நினைக்கிறன். சலாகை வரைபை முதன்முதலா அச்சிலை கொண்டுவந்தவர் வில்லியம் பிளேபெயர் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர், 1786இலை. அந்தப் புத்தகத்திலை அவர் இங்கிலாந்து மற்ற நாடுகளோடை செய்த வணிகத்தையெல்லாம் வருசத்தோடை ஓடுற கோடாத்தான் கீறினவர். ஸ்கொட்லாந்துக்கு மட்டும் அவரிட்டை ஒரு வருசக் கணக்குத்தான் இருந்தது. கோடு இழுக்க வழியில்லை. அதாலை எந்தெந்த நாட்டோடை எவ்வளவு வணிகம் எண்டு சலாகை சலாகையா அடுக்கினார். உங்கட கொப்பியிலை ஒரு வருசத்து விலை கிடக்கு. அதிலை ரெண்டு கிழமையை மட்டும் பிச்செடுத்துச் சலாகையாக்கினதாலைதான் இவ்வளவும் நடந்தது. 12 கிழமையைக் கோடாப் போடுங்கோ. அப்ப 260இலிருந்து 240 எண்டது எவ்வளவு சின்னச் சரிவெண்டு ஆரும் சொல்லாமலே தெரியும். அண்டைய நிலைமையிலை திருநெல்வேலியிலை என்ன, சுன்னாகத்திலை என்ன, சாவகச்சேரியிலை என்ன எண்டு ஒரே நாளை ஒப்பிடவேணுமெண்டா அதுக்குச் சலாகை போடுங்கோ. அதையும் நிமித்தி வைக்காமல் படுக்கையாப் போடுங்கோ. எங்கட ஊர்ப்பேர்கள் நீளம். நிண்ட சலாகைக்குக் கீழை "சாவகச்சேரி" எண்டு எழுதப்போனா எழுத்தைச் சரிக்க வேண்டிவரும், கழுத்தைச் சரிச்சுக்கொண்டு ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.

கோட்டிலையும் ஒரு ஆபத்து இருக்கு. ஒவ்வொரு கிழமையும் எக்செல் அச்சை மாத்திக்கொண்டிருந்தா, இந்தக் கிழமை மலை மாதிரித் தெரிஞ்சது அடுத்த கிழமை மேடு மாதிரித் தெரியும். வெங்காயத்துக்கு 0 முதல் 500 எண்டு வைச்சா, வருசம் முழுக்க அதே 0 முதல் 500. உங்கட படத்தை வழமையாப் பாக்கிறவைக்கு நாலு கிழமையிலை கண் பழகியிடும். பிறகு அச்சிலை இலக்கத்தை வாசிக்கத் தேவையில்லை, கோடு எந்த உயரத்திலை நிக்குதெண்டாலே விளங்கும். கண்ணாடி இல்லாத ஆக்களுக்கு இதுதான் பெரிய உதவி.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாச் சொல்லப்போறன், கோவிக்காதேங்கோ. "வெங்காய விலை வீழ்ச்சி" எண்டது தீர்ப்பு. யாவாரிக்கு அந்த ஒரு வசனம் போதும். "வெங்காயம் கிலோ 240 ரூபா, போன கிழமையிலும் பார்க்க 20 குறைவு" எண்டு எழுதியிருந்தா அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டு 190 கேக்க அவருக்கு வாய் வந்திருக்காது. தலைப்பிலை இலக்கம் இருக்க வேணும். அதை ஆகப் பெரிய எழுத்திலை போடுங்கோ, 240 எண்டது படத்திலை மூண்டிலை ஒரு பங்கு இடம் பிடிச்சாலும் பிழையில்லை.

சிவப்பு, பச்சை. விலை இறங்கினாச் சிவப்பு, ஏறினாப் பச்சை எண்டு எல்லாரும் போடினம். இதிலை ரெண்டு கோளாறு. ஆண்களிலை நூற்றுக்குச் சிலபேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்கிறது கஸ்டம், அவையிலை கனபேருக்கு அது தங்களுக்கே தெரியாது. மற்றது, விலை இறங்கினாத் தோட்டக்காரருக்குத்தான் நட்டம், சந்தைக்குச் சாமான் வாங்க வாற அம்மாவுக்கு அது நல்ல செய்தி. நிறம் போட்டவுடனை நீங்கள் ஒரு பக்கம் எடுத்திட்டியள். வெங்காயத்துக்கு வெங்காய நிறம், மிளகாய்க்கு வேறை ஒரு நிறம் எண்டு பொருளுக்கு நிறம் குடுங்கோ, அதை மாத்தாமல் வைச்சிருங்கோ. ஏற்ற இறக்கத்தை அம்புக்குறியும் இலக்கமும் சொல்லட்டும்.

கோடு நாலு இருந்தா, எந்த நிறம் எது எண்டு பக்கத்திலை ஒரு பெட்டி போடுற பழக்கம் இருக்கெல்லோ, அதை விடுங்கோ. கண் கோட்டுக்கும் பெட்டிக்கும் ஓடித் திரியும், சின்னத் திரையிலை அது களைப்பு. கோடு முடியிற இடத்திலையே "கத்தரி" எண்டு அதே நிறத்திலை எழுதுங்கோ. நாலு கோடே கூட எண்டுதான் நான் சொல்லுவன். ஒரு படத்திலை ஒரு பொருள். நாலு பொருளுக்கு நாலு படம் போடுங்கோ, முகநூல் நாலையும் சேத்து அடுக்கும்.

எழுத்தைப் பற்றி. இது என்ர தொழில், கொஞ்சம் கூடக் கதைப்பன். தமிழெழுத்துக்கு மேலையும் கீழையும் இடம் வேணும். கி, கீ மேலை ஏறும். கு, மு, சூ கீழை இறங்கும். ஆங்கிலத்துக்கு வைச்ச வரி இடைவெளியிலை தமிழைப் போட்டா மேல்வரியிலை கீழை இறங்கிற வாலும் கீழ்வரியிலை மேலை ஏறுற விசிறியும் முட்டுப்படும். பெரிய தாளிலை அது சாடையாத்தான் தெரியும், போனிலை எழுத்தெல்லாம் கறுப்புக் கட்டியாயிடும். வரி இடைவெளியை எழுத்தின்ர அளவிலை ஒண்டரை மடங்குக்குக் கொண்டுபோங்கோ. மெல்லிய எழுத்தும் வேண்டாம், சாம்பல் எழுத்தும் வேண்டாம். வெள்ளையிலை கறுப்பு. அழகில்லை எண்டு ஆரும் சொன்னாச் சொல்லட்டும்.

படத்தின்ர அளவு 1080க்கு 1350 எண்டு வையுங்கோ, நிமிந்த படம் போனிலை கூட இடம் பிடிக்கும். வட்ஸ்அப் படத்தை அமத்தித்தான் அனுப்பும், சின்ன எழுத்துக் கலங்கும். நான் செய்யிற சோதனை ஒண்டிருக்கு. படத்தை முதல் எனக்கே வட்ஸ்அப்பிலை அனுப்பி, மத்தியான வெய்யிலுக்கை முத்தத்திலை நிண்டு, கையை நீட்டிப் பிடிச்சுப் பாப்பன். அதிலை வாசிக்க ஏலாத எதையும் ஒண்டில் பெருப்பிப்பன், இல்லாட்டி எடுத்துப்போடுவன். அனேகமா எடுத்துப்போடுறதுதான்.

வட்ட வரைபு விலைக்கு வேண்டாம். கோணத்தையும் பரப்பையும் கண் சரியா அளக்காது, ஒரே அடியிலிருந்து நிக்கிற நீளத்தைத்தான் நல்லா அளக்கும். கிளீவ்லண்ட், மக்கில் எண்ட ரெண்டு பேர் 1984இலை பரிசோதிச்சு எழுதிவைச்ச விசயம் இது. முப்பரிமாணச் சலாகையும் அப்பிடித்தான், தொடவே வேண்டாம்.

நல்லூர் கமரா:

அண்ணை சொன்ன எல்லாம் சரி, ஆனா ஒண்டு. வெள்ளையிலை கறுப்புக் கோடு போட்டா முகநூலிலை ஆர் நிண்டு பாக்கப்போகினம்? தங்கச்சியே சொல்லுறா, எழுத்திலை போட்ட நேரம் ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு. நிறமும் அசைவும் இல்லாட்டிச் சனம் தள்ளிக்கொண்டு போயிடும். கோடு தானா ஓடுற மாதிரி ஒரு சின்ன வீடியோ செய்தா என்ன?

அச்சுக்கூடத்தான்:

தம்பி, அசையிற கோடு பாக்க வடிவுதான். ஆனா வீடியோ முடியமுதல் தள்ளிவிட்டா விலை தெரியாது. வட்ஸ்அப்பிலை டேற்றா செலவெண்டு கனபேர் வீடியோவைத் திறக்கவே மாட்டினம். நிண்ட படம் திறக்காமலே தெரியும்.

சனம் நிண்டு பாக்கிறது தங்கட விசயத்தைக் கண்டாத்தான். கோட்டிலை கார்த்திகையிலை ஒரு ஏற்றம் இருந்தா, அந்த இடத்திலை "மழை வெள்ளம், பிடுங்க ஏலேல்லை" எண்டு ரெண்டு மூண்டு சொல்லு எழுதுங்கோ. இறக்குமதி வெங்காயம் வந்து விலை விழுந்த கிழமைக்கு அதை எழுதுங்கோ. தோட்டக்காரர் அதைக் கண்டவுடனை "ஓம், அந்தக் கிழமை என்ர அரைப் பரப்பு அழுகினது" எண்டு தானே கொமென்ற் எழுதுவார். நான் கண்ட அளவிலை நிறத்தை விட அந்த ரெண்டு சொல்லுத்தான் சனத்தை நிப்பாட்டும். அப்பாட்டை சொல்லி காலமை சந்தையிலை ஒரு சாக்கு வெங்காயத்தைப் படம் எடுப்பிச்சு ரெண்டாவது படமாப் போட்டாலும் நல்லது.

கம்பஸ் பொடியன்:

அக்கா, தமிழெழுத்து உடையிற பிரச்சினையை ஒருத்தரும் சொல்லேல்லை. பாமினி எண்ட பழைய எழுத்துருவிலை ரைப் பண்ணாதேங்கோ. பாமினி இல்லாத இடத்திலை ஒட்டினா ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாத்தான் வரும். யுனிகோட்டிலை அடிச்சு, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைத் தடிப்பிலை எடுங்கோ.

சில வரையிற மென்பொருளிலை யுனிகோட்டும் உடையும், கொம்பு எழுத்துக்கு முன்னுக்கு வராமல் பின்னுக்குப் போய் நிக்கும். நான் பைத்தன் நிரல்மொழியிலை மற்பிளொட்லிப் எண்ட வரைபுக் கருவியாலை வரைபு கீறி, "கொடிகாமம்" எண்டது கண்டபடி பிரிஞ்சு வந்து ஒரு நாள் முழுக்க மினைக்கெட்டனான். உலாவியிலை ஓடுற டேற்றாராப்பர் எண்ட வரைபுத் தளத்திலை அந்தக் கரைச்சல் இல்லை, இலவசமாவே படமாக எடுக்கலாம். நீங்கள் எக்செல்லிலை இருந்து இலக்கத்தை அப்பிடியே கொண்டுபோய் ஒட்டினாச் சரி. எதிலை செய்தாலும், போடமுதல் ஒவ்வொரு ஊர்ப்பேரையும் ஒருக்கால் எழுத்துக்கூட்டி வாசியுங்கோ.

செவிவழி:

நான் கண் தெரியாதவன். போன் வாசிச்சுச் சொல்லுறதைக் கேட்டுத்தான் முகநூல் பாக்கிறனான். உங்கட பக்கத்தையும் பின்தொடருறன் தங்கச்சி, எங்கட வீட்டிலையும் தோட்டம். உங்கட படம் வாற நேரம் போன் எனக்குச் சொல்லுறது, "படம், அதிலை எழுத்து இருக்கலாம்" எண்டு மட்டும். ஒவ்வொரு ஞாயிறும் தம்பியைக் கூப்பிட்டுத்தான் விலை கேக்கிறன்.

முகநூலிலை படம் ஏத்தேக்கை மாற்று உரை எழுத ஒரு இடம் இருக்கு. "கோட்டு வரைபு" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. "திருநெல்வேலி மொத்த விலை, வெங்காயம் கிலோ 240, போன கிழமை 260, 12 கிழமையிலை ஆகக் கூட இவ்வளவு, ஆகக் குறைய இவ்வளவு" எண்டு எழுதுங்கோ. அதையே மேலை பதிவிலையும் எழுதினா இன்னும் நல்லம். எழுத்தை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு சொன்னியள். நான் பாத்தனான்.

புவியியல் ரீச்சர்:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பல ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தேன். கோடு போடுங்கள் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். ஆனால் கோட்டிலும் ஒரு பொய் ஒளிந்திருக்க இடமுண்டு. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையை வரையக் கொடுப்பேன். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிறகு பிரிந்துபோன கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். பிள்ளைகள் அடிமட்டத்தை வைத்து இரண்டு புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடுவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தால் 31 வருடமாக, வருடத்துக்கு ஐயாயிரம் பேர் வீதம், ஒரே சீராக ஆட்கள் குறைந்துகொண்டு வந்தது போலத் தெரியும். அப்படியா நடந்தது? 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நாட்டின் 18 மாவட்டங்களில்தான் அது முழுமையாக நடந்தது, எங்களுடையது அதில் இல்லை. போர் நடந்த அந்த இடைவெளிக்குள் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நடந்தது. நானும் ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் புத்தகப் பையையும் பிடித்துக்கொண்டு அந்த வீதியில் நின்றேன். அந்த நேர்கோட்டில் அந்த இரவுக்கு ஒரு சின்ன வளைவுகூட இல்லை.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, தெரிந்த இடத்தில் புள்ளி வை, தெரியாத இடத்தை வெறுமையாக விடு, அந்த வெறுமையில் "கணக்கெடுப்பு இல்லை" என்று எழுது.

உங்கள் கொப்பியிலும் வெறுமை இருக்கும். தைப்பொங்கலுக்குச் சந்தை இல்லை, கடையடைப்புக் கர்த்தால் நாளில் இல்லை, உங்கள் அப்பாவுக்குச் சுகமில்லாத கிழமை இருக்கும். எக்செல் கோட்டு வரைபில் வெற்றுக் கட்டங்களை இடைவெளியாகக் காட்டு என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதையே வைத்திருங்கள். அந்தக் கட்டத்தில் 0 மட்டும் போட்டுவிடாதீர்கள், கோடு பாதாளத்துக்கு இறங்கி ஏறும், அதையும் யாராவது படம்பிடித்துக் காட்டுவார்கள்.

இன்னொன்று. சில பேர் 2019 விலையையும் இன்றைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் என்று போடுகிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஆண்டைத் தாண்டி ஒப்பிடுவதானால் உரத்தின் விலையையும் மண்ணெண்ணெய் விலையையும் அதே படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், ஏறியது வெங்காயம் மட்டும் இல்லை என்று தெரியும். அதை ஒரே படத்துக்குள் இடப்பக்கம் ஒரு அச்சு, வலப்பக்கம் இன்னொரு அச்சு என்று வைத்துக் கீற வேண்டாம். இரண்டு அளவையும் இழுத்துச் சுருக்கி, இரண்டு கோடும் எங்கே வெட்டவேண்டுமோ அங்கே வெட்ட வைக்கலாம்.

உரும்பிராய்ப் பிள்ளை:

எல்லாருக்கும் கன நன்றி. ரெண்டு இரவு இருந்து திருப்பிச் செய்தன், என்ன செய்தனெண்டு எழுதுறன், பிழையிருந்தாச் சொல்லுங்கோ.

அச்சுக்கூடத்து அண்ணை, வெங்காயத்துக்கு 0 முதல் 500 எண்டு வைச்சன். 12 கிழமை. மேலை பெருசா 240, அதுக்குக் கீழை "ரூபா, ஒரு கிலோ, மொத்த விலை, திருநெல்வேலிச் சந்தை", அதோடை திகதி. சிவப்பை எடுத்திட்டன். முத்தத்திலை நிண்டு பாத்தன், அச்சிலை நான் போட்டிருந்த பத்து இலக்கத்திலை ஒண்டும் வாசிக்கத் தெரியேல்லை. 0, 250, 500 மூண்டையும் மட்டும் விட்டிட்டு மற்றதை அழிச்சன். இடையிலை எவ்வளவு இடம் வந்ததெண்டு எனக்கே ஆச்சரியம்.

ரீச்சர், கொப்பியைத் திறந்து பாத்தா ரெண்டு கிழமை இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நேரம். நான் முந்தி அந்த ரெண்டுக்கும் முதல் கிழமையின்ர விலையையே திருப்பி அடிச்சிருந்தன். ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சுச் செய்தது. இப்ப அதை வெறுமையா விட்டு "விலை எடுக்கேல்லை" எண்டு எழுதியிருக்கு. நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் கதைக்கேல்லை, கனநேரம் கிணத்தடியிலை போய் இருந்தா.

செவிவழி அண்ணை, பழைய படங்கள் பத்துக்கும் மாற்று உரை எழுதிட்டன். மிச்சமும் இந்தக் கிழமைக்குள்ளை முடிப்பன். நீங்கள் பாக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு.

பக்கத்திலை பழைய படத்தை அழிக்காமல், அதுக்கு மேலையே "இந்தப் படம் பிழை" எண்டு எழுதி, ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்திலை வைச்சு, அச்சு எங்கை வெட்டுப்பட்டதெண்டு காட்டிப் போட்டிருக்கிறன். படம் எங்கை எங்கை போச்சோ அங்கையெல்லாம் இதுவும் போகட்டும்.

நேற்றுப் பின்னேரம் புதுப் படத்தைக் கொண்டுபோய்க் குஞ்சியப்புவுக்குக் காட்டினன். அவர் மிச்ச வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டு இருந்தவர். கண்ணாடி போடேல்லை. போனைத் தள்ளிப் பிடிச்சுக் கோட்டை விரலாலை தடவிக்கொண்டு வந்து கடைசியிலை நிப்பாட்டினார்.

"போன கிழமையும் இந்தக் கிழமையும் ஒரு மாதிரித்தானே கிடக்கு பிள்ளை?"

"ஓம் குஞ்சியப்பு. ஒரு மாதிரித்தான்."

திரும்பவும் ஒருக்கால் பாத்திட்டு, அதைத் தன்ர போனுக்கு அனுப்பிவிடச் சொன்னார்.